டெர்மினலில் அம்புக்குறியை அழுத்தினால் வந்து விழும் அந்தக் குப்பை

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், ஓடுகிற மாதிரி சின்னதாக ஒரு மெனு எழுதியிருப்பீர்கள். மேலே போக அம்புக்குறியை அழுத்தினால் தேர்வு நகராமல் திரையில் ஒரு கேரட் குறி (^), இரண்டு சதுர அடைப்பு, கூடவே ஒரு ஏ என்று ஏதோ வந்து நிற்கும். அது குப்பை இல்லை. டெர்மினல் உங்கள் நிரலுக்கு எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல்வதே இல்லை, வெறும் பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையான எண்களைத்தான் அனுப்புகிறது. மேல் அம்புக்கு 27, 91, 65. கீழ், வலம், இடத்துக்குக் கடைசி எண் மட்டும் 66, 67, 68 என்று மாறும். 1978-ல் வந்த விடி100 டெர்மினல் காலத்துப் பழக்கம் இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி பைதானில் செய்து பார்க்கலாம். முதலில் டெர்மினலை சிபிரேக் நிலைக்கு மாற்றுங்கள், டிடிஒய் மாட்யூலில் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இல்லாவிட்டால் என்டர் தட்டும் வரை ஒரு பைட்கூடக் கைக்கு வராது. எதையும் இடைமறிக்காமல் அப்படியே தரும் ரா நிலையும் உண்டு, ஆனால் அதில் கன்ட்ரோல் சி நிரலை நிறுத்தாது, வெறும் 3 என்ற பைட்டாக வந்து சேரும். வெளியேற வழி வைக்காமல் அதில் நுழைந்தால் மாட்டிக்கொள்வீர்கள். எந்த நிலையானாலும் பழைய அமைப்பை முன்பே எடுத்து வைத்து, பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் திருப்பிப் போட்டுவிடுங்கள். மறந்துபோய் நிரல் பாதியில் செத்து, தட்டுவது எதுவுமே திரையில் தெரியாமல் போனால், கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள், சரியாகிவிடும்.

அடுத்ததுதான் உண்மையான தலைவலி. எஸ்கேப் விசைக்கும் 27-தான், அம்புக்குறியின் முதல் பைட்டும் 27-தான். எதுவென்று எப்படித் தெரியும்? காத்திருந்துதான் பார்க்க வேண்டும், வேறு மந்திரம் கிடையாது. 27 வந்ததும், படிக்க ஏதாவது வந்திருக்கிறதா என்று சொல்லும் செலக்ட் ஃபங்ஷனை வைத்து ஒரு 50 மில்லிசெகண்ட் பாருங்கள்; பின்னால் ஒன்றும் வரவில்லை என்றால் அது எஸ்கேப். 91 வந்தால், 64 முதல் 126 வரையுள்ள ஒரு பைட் கிடைக்கும்வரை படித்துச் சேர்த்து, முழுத் தொடரையும் ஒரே விசையாக எடுத்துக்கொள்ளுங்கள். டெலீட், எஃப்5, கன்ட்ரோலோடு வலது அம்பு எல்லாம் இந்த ஒரு விதிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 91-க்குப் பதில் 79 வந்தாலும் பதறாதீர்கள், சில நிலைகளில் அம்புக்குறிகள் அப்படித்தான் வரும், அதற்கடுத்த ஒரு பைட்டோடு முடிந்துவிடும்.

இதில் நான் ஒரு மாலை முழுக்கத் தொலைத்த இடம் ஒன்று உண்டு. பைதானின் வழக்கமான உள்ளீடான சிஸ் ஸ்டிடின் வழியாக ஒரு எழுத்து படித்துவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று செலக்டிடம் கேட்டால், இல்லை என்கிறது. காரணம், பைதான் மூன்று பைட்டையும் தன் பஃபருக்குள் (தற்காலிகச் சேமிப்பிடத்துக்குள்) முன்பே இழுத்து வைத்துக்கொண்டது. செலக்டுக்கு அது தெரியாது. ஓஎஸ் மாட்யூலின் ரீட் ஃபங்ஷனை நேராகக் கூப்பிடுங்கள், பிரச்சினை போய்விடும்.

அப்புறம், டேபும் கன்ட்ரோல் ஐயும் ஒன்றே, இரண்டுக்கும் 9. என்டரும் கன்ட்ரோல் எம்மும் ஒன்றே, டெர்மினல் அனுப்புவது 13, ஆனால் சிபிரேக் நிலையில் நிரலுக்கு அது பெரும்பாலும் 10 ஆக வந்து சேரும். இவற்றுக்குத் தனித்தனி வேலை கொடுக்கத் திட்டமிடாதீர்கள். பேக்ஸ்பேஸ் சில இடங்களில் 127, சில இடங்களில் 8 என்று வரும், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வேண்டாம் என்றால் டெர்மினல் திரையைக் கையாளும் கர்சஸ் மாட்யூலை எடுத்துக்கொள்ளலாம், கீபேட் வசதியை இயக்கிவிட்டால் அம்புக்குறிகளை அதுவே புரிந்துகொள்ளும். எஸ்கேப் மட்டும் ஒரு செகண்ட் தூங்கி எழுந்த மாதிரி வரும், ஏனென்றால் அதன் இயல்பான காத்திருப்பு 1000 மில்லிசெகண்ட். பைதான் 3.9 முதல் இதைக் குறைக்க ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, நான் 25 வைப்பேன்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் த என்பது 3 பைட், தீ என்பது 6. ஒரு ரீட் நடுவில் வெட்டிக்கொண்டு வரலாம், அதனால் வந்ததை அப்படியே டிகோட் செய்யாமல் (எழுத்தாக மாற்றாமல்) கோடெக்ஸ் மாட்யூலில் உள்ள இன்கிரிமென்டல் டிகோடரிடம் கொடுங்கள், அரைகுறை எழுத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட்டை அழித்தால் எழுத்து உடையும். ஒரு யூனிகோட் குறியை அழித்தால் தீ என்பது த ஆகும், தட்டும்போது எனக்கு அதுதான் வசதி.