எட்டுக் குரலும் கல் சுவரும்

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய தேவாலயம். தமிழ்ப் பாடகர் குழுவின் எட்டுக் குரல்களைத் தனித்தனியாகப் பதிந்து, எட்டு ஸ்பீக்கரில் அடுக்கி ஒலிக்கவிட்டோம். ஹெட்போனில் அருமை. கூடத்தில் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

கைதட்டிப் பதிவுசெய்து பார்த்தேன். ஒலி 60 டெசிபல் இறங்க, அதாவது ஏறக்குறைய அடங்கிப்போக, நான்கு விநாடி ஆனது. பேச்சு தெளிவாக விழ ஒரு விநாடிதான் தோதாம். கல் சுவரைக் குறைசொல்லி என்ன பயன்?

ஸ்பீக்கர்களைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, பெஞ்சுகளுக்கு நடுவே காது உயரத்தில் வைத்தேன். கிட்டே இருந்தால் நேரடி ஒலி எதிரொலியை அமுக்கிவிடும்; சத்தத்தையும் குறைக்கலாம். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினேன், கல் கட்டடம் அடித்தொனியைச் சீக்கிரம் விடாது. ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) சேர்க்கவே வேண்டாம், கூடமே தாராளமாகத் தருகிறது.

உண்மையில் கைகொடுத்தது குரல் பதிவுகளை மாற்றி அடுக்கியதுதான். ஒரு குரல் சொற்களைப் பாடும்போது மற்றவை 'ஆ' மட்டும் இழுக்கும். அப்புறம், வரிகளுக்கு நடுவே ஐந்து விநாடி மௌனம். "இப்பதான் தம்பி என் குரல் எனக்கே கேக்குது" என்றார் குழுவின் மூத்த அக்கா.

ஆட்கள் நிறைந்தால் உடைகள் ஒலியை உறிஞ்சும். அப்போது மட்டும் சத்தத்தைச் சற்றே ஏற்றுகிறேன்.