கர்ப்பப்பை அகற்றிய பின் ஹார்மோன் மாற்றங்களை எதிர்கொள்ளும் முறை

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டை முதலில் பாருங்கள். கர்ப்பப்பை மட்டும் அகற்றப்பட்டதா, சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டனவா, கர்ப்பப்பை வாய் விடப்பட்டிருக்கிறதா என்பது அதில் இருக்கும். புரியாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள். இனி உடலில் நிகழப்போவது பெரும்பாலும் இந்த விடையைப் பொறுத்தது.

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைச் சுரப்பது சினைப்பையே அன்றிக் கர்ப்பப்பை அன்று. சினைப்பைகள் இருந்தால் மாதவிடாயும் கருத்தரிப்பும் மட்டுமே நிற்கும். குரல் மாறாது, மார்பகம் சுருங்காது, மீசை முளைக்காது. பெண்மை போய்விட்டது என்று பார்க்க வருபவர்கள் சொல்வதை நம்பி மனம் வாட வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் சினைப்பைச் சுரப்பு இயல்பான வயதுக்குச் சற்று முன்பே குறையக்கூடும்.

மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தால் நிலை வேறு. உடல் திடீரெனக் கொதித்தல், இரவு வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், பிறப்புறுப்பு வறட்சி ஆகியவை விரைவிலேயே தொடங்கலாம். ராமநாதபுரத்துப் புழுக்கத்தில் இதை வெக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது; மார்கழி வாடைக் காற்றிலும் வியர்த்து விழிப்பு வந்தால் அது ஹார்மோன் குறைவாக இருக்கலாம். 45 வயதுக்கு முன் இரண்டையும் இழந்தவருக்கு எலும்புத் தேய்மானமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுவதால், குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகத் தரும் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். 50 வயதை ஒட்டிய காலம் வரை அதைத் தொடர்வது வழக்கம். மார்பகப் புற்றுநோயோ இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்போ முன்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ண வேண்டாம்.

எலும்புக்குக் கேழ்வரகும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லவை. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குறைக்க வேண்டும்.

முதல் 6 முதல் 8 வாரங்கள் தண்ணீர்க் குடம், மீன் கூடை எதையும் தூக்கக் கூடாது. பாம்பன், மண்டபம் பகுதிகளில் பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்கள், புண் முழுதும் ஆறியது என்று மருத்துவர் சொன்ன பிறகே நீரில் இறங்க வேண்டும். அன்றாடக் கூலியை நம்பிய வீட்டில் இது கடினம் என்பதால், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே வீட்டாரிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தாம்பத்திய உறவையும் அதே காலம் வரை தள்ளிப்போட வேண்டும் என்று கணவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அதன்பின் வறட்சியால் வலி இருந்தால், பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல்லும், மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் பெரும்பாலானோருக்கு உதவுகின்றன.

கர்ப்பப்பை வாய் விடப்பட்டிருந்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடருங்கள். காய்ச்சல், துர்நாற்றத்துடன் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.