மனிதனுக்கான பிறபொருளெதிரியைக் குரங்கின் குருதியில் பயன்படுத்துவது எப்படி?

லயத்துக் கூரைத் தகரம் காலையில் தடதடவென்று அதிர்ந்தால் செங்குரங்குக் கூட்டம் வந்துவிட்டது என்று மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதன் நிர்ப்பீடனப் புரதங்களைப் படிக்க இறங்கினால், அந்த இனத்துக்கென்றே செய்த பிறபொருளெதிரிகள் (ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்) கிடைப்பது அரிது. மனிதப் புரதங்களுக்காகச் செய்தவற்றைத்தான் எடுக்க வேண்டும். 2007இல் வெளியான, செங்குரங்கின் உறவான ரீசஸ் குரங்கின் மரபணுத்தொகை மனிதனுடையதோடு ஏறத்தாழ 93 சதவீதம் ஒத்துப்போனது. மிச்சம் உள்ள வித்தியாசத்தில்தான் சிக்கலே.

படி 1: குளோன் பெயரைப் பாருங்கள்

போத்தலில் ‘மனித சிடி3’ (டி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களின் மேலுள்ள புரதம்) என்று இருந்தால் மட்டும் போதாது. எந்தக் குளோன், அதாவது ஒரே கலவழியில் வந்த எந்தப் பிறபொருளெதிரி, என்றும் பார்க்க வேண்டும். பிறபொருளெதிரி முழுப் புரதத்தையும் பிடிப்பதில்லை, ஒரு சிறு மூலையைத்தான் பிடிக்கிறது. அங்கே ஓரிரு அமினோ அமிலம் மாறினாலும் பிடி நழுவிவிடலாம். டி கலங்களைக் காட்ட யுசிஎச்டி1, ஓகேடி3 இரண்டும் மனிதக் குருதியில் பேர்போனவை, ரீசஸில் ஒட்டாது. எஸ்பி34-2 ஒட்டும், அது பிடிக்கும் நுனி இரண்டிலும் ஒன்றாக இருப்பதால். உதவி டி கலங்களைக் காட்டும் சிடி4க்கு எல்200, பி கலங்களைக் காட்டும் சிடி20க்கு 2எச்7 என்று தொடங்கலாம். ஆனால் ரீசஸில் ஒட்டியது செங்குரங்கிலும் ஒட்டும் என்று சோதிக்காமல் நம்பாதீர்கள்.

படி 2: குருதி

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி, ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதல், குருதி எடுக்க மிருக வைத்தியர். இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. செங்குரங்கும் ரீசஸும் சேர்ந்த மக்காக் குரங்குகளில் மனிதனுக்கு ஆபத்தான பி வைரஸ் இருக்கலாம், அதனால் கையுறையும் கண்கவசமும் கட்டாயம்.

படி 3: இரண்டு குழாய்

ஒன்றில் 100 மைக்ரோலீற்றர் குரங்கின் குருதி, மற்றதில் அதே அளவு மனிதக் குருதி. இரண்டிலும் ஒளிரும் சாயம் கட்டிய அதே பிறபொருளெதிரி, இருட்டில் 20 நிமிடம். அப்புறம் அமோனியம் குளோரைட்டுக் கரைசலை ஊற்றுங்கள். கலங்கிய சிவப்பு பிளேன்டீ போலத் தெளிந்து, குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்து தெரிந்தால் செங்குருதிக் கலங்கள் உடைந்துவிட்டன. இரண்டு முறை கழுவி, கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் புளோ சைட்டோமீற்றரில் ஓட்டுங்கள்.

மனிதக் குழாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை அது இல்லாமல் ஓட்டினேன். திரை வெறுமையாக இருந்தது. குளோன் பொருந்தவில்லையா, சாயம் கெட்டுவிட்டதா என்று சொல்ல வழியில்லை. ஒரு விலங்கை மயக்கி எடுத்த குருதி வீணாகிப் போனது, இன்னும் மனது ஆறவில்லை.

போத்தலில் சொன்ன அளவு மனிதக் கலங்களுக்கானது. அதைப் பாதி, கால், அரைக்கால் என்று குறைத்து ஓட்டி, ஒட்டிய கலங்களும் ஒட்டாதவையும் எந்த அளவில் நன்றாகப் பிரிகின்றன என்று பாருங்கள்.

படி 4: வாசிப்பது

மனிதக் குழாய் மட்டும் ஒளிர்ந்தால், பெரும்பாலும் குளோன் பொருந்தவில்லை. இரண்டுமே ஒளிராவிட்டால் கரைசலையும் கருவியையும் பாருங்கள்.

சரி, இரண்டும் ஒளிர்ந்தால்? அப்போதும் அவசரப்படாதீர்கள். மனிதனில் இயற்கைக் கொல்லிக் கலங்களை அடையாளம் காட்டும் சிடி56, ரீசஸில் மொனோசைற்றுகள் என்ற வேறுவகை வெண்குருதிக் கலங்களிலும் இருக்கிறது. மனிதப் பாடநூலை நம்பி எண்ணினால் கணக்கே தப்பாகிவிடும். இயற்கைக் கொல்லிக் கலங்களுக்கு, சிடி3 இல்லாமல் சிடி8, என்கேஜி2ஏ என்ற இரு மேற்பரப்புப் புரதங்களும் சேர்ந்து இருப்பவற்றைத் தேடுங்கள்.