கம்ப்யூட்டர் சூட்டை பால்கனிக்கு அனுப்பலாம்: வீட்டிலேயே வெளி ரேடியேட்டர் அமைக்கும் முறை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது ஹாலில். அம்மா தூங்குவதும் அதே ஹாலில்தான். இரவு ரெண்டருக்கு (வீடியோ, அனிமேஷன் காட்சிகளைக் கம்ப்யூட்டர் உருவாக்கி முடிக்கும் கனமான வேலை) போட்டுவிட்டுப் படுத்தால், ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 460 வாட் சூட்டைக் கக்கும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ராத்திரி முழுக்கப் பாதிச் சூட்டில் வைத்திருப்பது போல. அதோடு ஃபேன் இரைச்சல் வேறு. பெட்டிக்குள்ளேயே வாட்டர் கூலிங் (சிப்பின் சூட்டைத் தண்ணீரால் எடுத்துப்போய், ரேடியேட்டர் என்ற தகட்டு அடுக்கில் ஆற்றும் முறை) போட்டாலும் இது தீராது. சிப்பின் சூடு குறையும், ஆனால் அந்தச் சூடு போய்ச் சேர்வது அதே ஹாலில்தான். அதனால் ரேடியேட்டரையே பால்கனிக்குக் கொண்டுபோனேன். வாட்டர் கூலிங் இதுவரை தொடாதவர்களும் செய்யலாம். அவசரம் மட்டும் கூடாது.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூட்டைச் சுமக்கிறது, அவ்வளவுதான். ஆற்றுவது ரேடியேட்டர் வழியே போகும் காற்று. எந்தக் காற்று என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். பால்கனியில் மே மாத மதியம் 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே ஒரு நாளும் இறங்காது. முழு வேலையில் 46, 48 வரை போகும். அது பரவாயில்லை, தண்ணீரைச் சுற்றவிடும் டி5 வகை பம்ப்புக்குத் தண்ணீர் 60 டிகிரி வரை ஏற்றது. ஆனால் வெயில் நேராக விழும் இடத்தில் ரேடியேட்டரை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுவிடும். வடக்குப் பார்த்த பால்கனியோ, நாள் முழுக்க நிழல் விழும் மூலையோ தேடுங்கள்.

எவ்வளவு ரேடியேட்டர் வேண்டும்

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதலாக இருக்கும் நிலையில், மிதமான ஃபேன் வேகத்தில், ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவு ரேடியேட்டர் தோராயமாக 100 வாட்டை ஆற்றும். என் 460 வாட்டுக்கு ஐந்து ஃபேன் இடம் போதும். நான் மூன்று ஃபேன் ஏறும் 360 ரேடியேட்டர் இரண்டு எடுத்தேன், ஆக ஆறு ஃபேன். ஒன்று கூடுதலாக இருந்தால் எல்லா ஃபேனையும் மெதுவாகச் சுழலவிடலாம். ஒன்பது ஃபேன் ஏறும் மோ-ரா மாதிரியான ஒரே பெரிய ரேடியேட்டரும் கடையில் உண்டு. பணம் இருந்தால் அது சுலபம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் உலோகம். பிராசஸர் மேலும் கார்டு மேலும் உட்காரும், உள்ளே தண்ணீர் ஓடும் பிளாக்குகளின் அடிப்பகுதி பெரும்பாலும் செம்பு. ரேடியேட்டர் அலுமினியமாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஓடும் தண்ணீர் ஒரு பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். கொஞ்ச மாதத்தில் லூப் (தண்ணீர் சுற்றி வரும் முழுப் பாதை) முழுக்க வெள்ளைக் கசடு. பழைய கார் ரேடியேட்டரைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அம்பாசடர் காலத்துச் செம்பு-பித்தளை ரேடியேட்டர் கிடைத்தால் போடலாம். இன்றைய கார்களில் வருவது பெரும்பாலும் அலுமினியம். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

இது போக வேண்டியவை: பம்ப் (நான் டி5 போட்டேன்), ரிசர்வாயர் (சின்னத் தண்ணீர்த் தொட்டி), உங்கள் கார்டு மாடலுக்கென்றே செய்த பிளாக், பிராசஸர் பிளாக், ஜி 1/4 மரை கொண்ட ஃபிட்டிங்குகள், டியூப், இரண்டு ஜோடி க்விக் டிஸ்கனெக்ட் (தண்ணீர் வடிக்காமலே டியூபைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பு). க்விக் டிஸ்கனெக்ட் விலை உறுத்தும், ஆனாலும் வாங்கிவிடுங்கள். அது இல்லையென்றால் கம்ப்யூட்டரைத் துடைக்க நகர்த்த நினைக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டும்.

எந்த டியூப்

ஹார்டுவேர் கடையில் மேஸ்திரிகள் மட்டம் பார்க்க வாங்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் உங்கள் கண்ணில் படும். மீட்டர் விலை குறைவுதான். ஆனால் சூட்டில் அது இளகும், வளைவில் மடங்கும், பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மெல்லக் கரைந்து வந்து பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் அடையும். வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். இபிடிஎம் எனப்படும் கறுப்பு ரப்பர் டியூப்தான் சரி. உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. அளவு எடுங்கள்.

பால்கனிக்குப் போக 3 மீட்டர், வர 3 மீட்டர். 10 மி.மீ. உள்விட்டத்தில் மீட்டருக்குச் சுமார் 79 மில்லி தண்ணீர் பிடிக்கும், ஆக டியூபில் மட்டும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரேடியேட்டர், பிளாக், ரிசர்வாயர் எல்லாவற்றையும் சேர்த்து 3 லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தையும் உயரத்தையும் கண்டு பயப்பட வேண்டாம். அதே மட்டம் பார்க்கும் டியூபை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் ஏறிய தண்ணீரை மறுபக்கம் இறங்கும் தண்ணீர் சமன் செய்துவிடும். லூப் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால் உயரம் கணக்கில் வராது. டியூபின் உராய்வு மட்டும்தான் பம்ப்புக்கு வேலை. முதல் தடவை நிரப்பும்போது மட்டும் தண்ணீரை மேலே தள்ள வேண்டும். டி5 ஏறத்தாழ 4 மீட்டர் வரை தள்ளும். இருந்தாலும் ரிசர்வாயரை லூபின் மிக உயர்ந்த இடத்தில் வையுங்கள். ரேடியேட்டர் அதைவிட உயரத்தில் இருந்தால், மூடியைத் திறக்கும் நேரம் மேலே இருக்கும் தண்ணீர் இறங்கி வழிய வாய்ப்பு உண்டு.

சட்டம் செய்வது

நான் 12 மி.மீ. மரைன் பிளை பலகையில், ரேடியேட்டரின் தகடு தெரிகிற அளவுக்கு இரண்டு செவ்வகத் திறப்புகளை ஆசாரியிடம் கொடுத்து வெட்டி வாங்கினேன். பலகையை ஸ்லாட்டட் ஆங்கிள் கால்களில் நிறுத்தினேன். ரேடியேட்டரின் ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் ஃபேன்கள். சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்தால்தான் காற்று தாராளமாகப் போகும். டியூப் மாட்டும் வாய்கள் மேலே இருக்கட்டும், உள்ளே சிக்கும் காற்று அப்போதுதான் வெளியேறும்.

இனி ஸ்க்ரூ. இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். ஃபேனின் தடிமன் 25 மி.மீ., ரேடியேட்டர் உள்ளே 5 மி.மீ. போதும், ஆக 30 மி.மீ. ஸ்க்ரூ. என்னிடம் நான்கு குறைந்தது. டப்பாவில் 35 மி.மீ. கிடந்தது, அதைப் போட்டேன். கடைசிச் சுற்றில் ஸ்க்ரூ லேசாக இறுகி, பிறகு சட்டென்று தளர்ந்தது. மரை போய்விட்டது என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஸ்க்ரூ துளைக்கு நேர் கீழே, தகடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சொட்டு கோத்து நின்றது. துடைத்தால் மறுபடி வந்தது. ஸ்க்ரூவின் முனை தண்ணீர் ஓடும் குழாயைக் குத்தியிருந்தது. அந்த ரேடியேட்டர் போனது போனதுதான். சில மாடல்களில் துளைக்கு அடியில் பாதுகாப்புத் தகடு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஸ்கேலில் வைத்து அளந்துவிட்டுப் போடுங்கள். பலகைப் பக்கத்துக்கும் இதே கணக்கு: 12 மி.மீ. பலகை, உள்ளே 4 மி.மீ., ஆக 16 மி.மீ. ஸ்க்ரூ.

கழுவுவது

புது ரேடியேட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே பற்றவைத்தபோது சேர்ந்த பிசுக்கும் துகளும் இருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரைப் பாதி ஊற்றி, வாயை அடைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு வெள்ளை வேட்டித் துணி வழியே வடியுங்கள். முதல் முறை துணியில் கறுப்பும் பச்சையுமாகப் பொடி நிற்கும். எனக்கு ஆறாவது முறைதான் துணி சுத்தமாக வந்தது. இந்தப் பொடி பிளாக்குக்குப் போனால் முடியளவு பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிளாக்கைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

மாட்டுவது

ஏசி குழாய்க்காகப் போட்ட துளை இருந்தால் அதிலேயே இரண்டு டியூபும் ஒரு வயரும் போய்விடும். புதிதாகப் போடுவதென்றால் வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராது.

வரிசை மிகச் சுலபம்: ரிசர்வாயர், அதற்கு அடுத்து பம்ப். மற்றதை எப்படி வைத்தாலும் சரி, டியூப் குறைவாக வேண்டிய வரிசையே நல்ல வரிசை. காரணம் சொல்கிறேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீர் 1 டிகிரி ஏற 70 வாட் வேண்டும். 3 லிட்டர் ஓடினால் 460 வாட் மொத்தமும் சேர்ந்து தண்ணீரை 2 டிகிரிதான் ஏற்றும். கார்டு முதலா பிராசஸர் முதலா என்பதெல்லாம் அந்த 2 டிகிரிக்குள் அடங்கிவிடும்.

ஃபிட்டிங்கில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். பிளம்பிங் பழக்கம் கையை அங்கேதான் கொண்டுபோகும். இங்கே தண்ணீரை அடைப்பது மரை இல்லை, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கையால் இறுக்கி, ஓ-ரிங் பிதுங்காமல் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

ஆறு ஃபேனையும் மதர்போர்டின் ஒரே முனையில் மாட்ட வேண்டாம், அது வழக்கமாக 1 ஆம்பியர்தான் தாங்கும். பவர் சப்ளையிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் ஃபேன் ஹப் ஒன்று வாங்கி, மதர்போர்டிலிருந்து வேகத்துக்கான சிக்னலை மட்டும் கொடுங்கள். பம்ப்பின் சுழற்சி வேகம் சொல்லும் வயரை பிராசஸர் ஃபேன் முனையில் மாட்டுங்கள்; பம்ப் ஓடவில்லையென்றால் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) எச்சரிக்கும். ஃபேன் வேகம் தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து மாறட்டும். பிராசஸர் சூடு நொடிக்கு நொடி துள்ளும், தண்ணீர் நிதானமாகத்தான் ஏறும். 10 கிலோஓம் வெப்பநிலை சென்சார் ஒன்று லூபில் போட்டால் போதும், அதை மாட்ட உங்கள் மதர்போர்டில் இரண்டு கம்பி முனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விடுவது

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். சிசிடிவி கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போதும். பம்ப்பின் மஞ்சள் வயர் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் (மைனஸ்). ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, ஐந்து நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி நிரப்புங்கள். பம்ப் ஒரு நொடிகூடக் காய்ந்து ஓடக் கூடாது, அதற்குத் தண்ணீர்தான் உயவு. எனக்கு நாற்பதாவது நிமிடம் கார்டின் அடியில் இருந்த டிஷ்யூவில் எட்டணா அளவு ஈரம் தெரிந்தது. ஒரு ஃபிட்டிங்கின் கழுத்து முழுசாக இறுகவில்லை. கரண்ட் இல்லாததால் துடைத்து, இறுக்கி, மேலே போய்விட்டேன். ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். அரை மணியில் தெரியாத கசிவு விடிகாலையில் தெரியும்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டரும், பாசியையும் அரிப்பையும் தடுக்கும் கலவையும். ஆர்ஓ தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம், இரண்டிலும் உப்பு மிச்சம் இருக்கும். முதல் முறை செய்பவர்கள் கம்ப்யூட்டருக்கென்றே கலந்து விற்கும் நிறமில்லாத கூலண்ட் வாங்கிக்கொள்வது நல்லது. கார் கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் உண்டு. அது விஷம், இனிக்கவும் செய்யும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்து வைக்காதீர்கள்.

ஏசி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டரை ஏசி அறையிலும் கம்ப்யூட்டரை ஏசி இல்லாத அறையிலும் வைக்கும் யோசனை நன்றாகத் தோன்றும். வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் புழுக்கமான நாளில் பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியைத் தொடும். 23 டிகிரி தண்ணீர் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் வந்தால், ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளியே கோப்பது போல, பிளாக் மேலேயே தண்ணீர் கோக்கும். சூட்டை வெளியே அனுப்பும்போது இந்தப் பிரச்சினை நடைமுறையில் வராது.

முதல் வாரம் தினமும் ரிசர்வாயரைப் பாருங்கள். காற்று வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். எனக்கு நான்கு நாளில் நின்றது. இப்போது இரவில் பால்கனி 29 டிகிரி இருக்கும்போது, முழு ரெண்டரில் தண்ணீர் 37, கார்டு 51. ஆறு ஃபேனும் நிமிடத்துக்கு 800 சுற்றில்தான் ஓடுகின்றன, அந்தச் சத்தமும் கதவுக்கு அப்பால். ஹாலில் சீலிங் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

மாதம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் தகடுகள் போகும் வாக்கிலேயே தட்டுங்கள், குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். ஃபேன்களுக்குக் கம்பி வலை கட்டாயம். எங்கள் அடுக்ககத்தில் புறாத் தொல்லை. வலை போட்ட பிறகு புறா வரவில்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தில் பத்து நாள் கம்ப்யூட்டரைப் போடாமல் ஊருக்குப் போய் வந்தபோது, ஓரத்து ஃபேனின் இறக்கைக்கும் வலைக்கும் நடுவே குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஊரிலிருந்து வந்ததும் ஆன் செய்வதற்கு முன், ஆறு இறக்கைகளையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.