வெள்ளைப்புள்ளி நோய்: பாதியில் நிறுத்திய மருந்தும் மற்ற தவறுகளும்

புதிதாக மீன் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி வெள்ளைப்புள்ளி பற்றியதுதான். அவர்கள் செய்யும் தவறுகள் பலவும் ஒரு காலத்தில் நான் செய்தவைதான், அதனால் அவர்கள் அனுப்பும் மீன் படத்தைப் பார்த்ததுமே அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீரே மாற்றாமல் இருப்பது, பதற்றத்தில் மூன்று மருந்தை ஒன்றாக ஊற்றுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். சரியாகத்தான் செய்கிறோம் என்று நம்பிச் செய்யும் தவறுகள்தான் மீனைக் கொல்கின்றன.

புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒன்றுதான்.

எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒரு தம்பி படம் அனுப்புவான்: "அண்ணா, ரெண்டே நாள்ல எல்லாம் போயிடுச்சு. செம மருந்து!" இன்னும் நிறுத்தாதே என்று பதில் போடுவேன். "இல்லண்ணா, ஒண்ணு கூட இல்ல, நல்லா பாத்துட்டேன். சும்மா எதுக்கு மருந்த ஊத்திக்கிட்டு?" அப்புறம் சத்தம் இருக்காது. அடுத்த வாரம் இன்னொரு படம் வரும். அதே மீன், இப்போது உடம்பு முழுக்க ரவை தூவியது போல. சில மீன்கள் படத்திலேயே இருக்காது.

புள்ளி எப்படி மறைகிறது என்று புரிந்துகொண்டால் இந்த வேலையை யாரும் செய்யமாட்டார்கள். இந்த நோய்க்குக் காரணம் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலியிஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. தோல் அதைப் போர்த்தி மூடியிருப்பதால் தண்ணீரில் கலந்த மருந்து அதைத் தொடுவதில்லை. அது மீனைத் தின்று கொழுத்து, ஒரு மில்லிமீட்டர் அளவுவரை வளர்ந்து, பருவம் வந்ததும் தானாகவே தோலைவிட்டு வெளியே வருகிறது. கல்லிலோ இலையிலோ பில்டர் ஸ்பாஞ்சிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு உறையைக் கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள் பிரிந்து பிரிந்து சில நூறு குஞ்சுகளாகிறது, சில சமயம் ஆயிரம்கூட ஆகும். உறை உடைந்ததும் அவை நீந்திப் போய் மீனைத் தேடுகின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். தோலுக்குள்ளும் மருந்து எட்டாது, உறைக்குள்ளும் அநேகமாக எட்டாது. நீந்தித் திரியும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் மருந்து அவற்றைக் கொல்கிறது.

இப்போது அந்த "ரெண்டே நாள்ல போயிடுச்சு" கதைக்கு வருவோம். போனவை மருந்தால் போகவில்லை, பருவம் முடிந்து உதிர்ந்தவை. மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் அந்தப் புள்ளிகள் அன்றைக்கு மறைந்துதான் இருக்கும். மீன் சுத்தமாகத் தெரியும் அந்த நாள்களில்தான் அடித்தரையில் உறைகள் உடையக் காத்திருக்கின்றன. மருந்து மிக அவசியமாகத் தேவைப்படும் நேரம் பார்த்து நிறுத்திவிட்டு, மருந்தையும் பாராட்டுகிறோம்.

இதே புரியாமையில் எதிர்ப்பக்கமாக விழுபவர்களும் உண்டு. மருந்து ஊற்றிய மறுநாள் புள்ளிகள் கூடும். ஏற்கெனவே தோலுக்குள் புகுந்தவை வளர்ந்து கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். "மருந்து வேலை செய்யலை" என்று பாட்டிலை மாற்றுவார்கள். மறுபடி மாற்றுவார்கள். எந்த மருந்துக்கும் அதன் சுற்றை முடிக்க வாய்ப்பே கிடைக்காது.

புள்ளி இல்லை என்பதை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம் செவுள். ஒட்டுண்ணி அங்கேயும் தங்கும், வெளியிலிருந்து தெரியாது. மீன் தண்ணீர் விழும் இடத்திலேயே மேலாக நின்று வேகமாக மூச்சு வாங்கினாலோ, நீந்திக்கொண்டே போய்ச் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து கல்லில் உரசி, ஒரு நொடி பளிச்சிட்டுவிட்டு நகர்ந்தாலோ, கதை முடியவில்லை என்று அர்த்தம். பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அவை பார்க்க நன்றாக இருக்கும், ஒட்டுண்ணி மட்டும் கொஞ்சமாகத் தொட்டியில் தொடரும். சில வாரம் கழித்துப் புது மீன் விடுவோம், அது செத்துப்போகும், விற்றவரைத் திட்டுவோம்.

எப்போது நிறுத்தலாம்? கடைசிப் புள்ளியைப் பார்த்த நாளைத் தொட்டிக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதுங்கள். தண்ணீர் 25–26 டிகிரியில் இருந்தால் அன்றிலிருந்து இன்னும் ஒரு வாரமாவது மருந்து தொடர வேண்டும். 20 டிகிரியை ஒட்டி இருந்தால் குறைந்தது இரண்டு வாரம். குளிர்ந்த தண்ணீரில் ஒட்டுண்ணியின் சுற்று இழுத்துக்கொண்டே போகும், 10 டிகிரியில் ஒரு மாதத்தைக்கூடத் தாண்டலாம். நடுவில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் டேப்பைக் கிழித்துவிட்டுப் புதுத் தேதி. ஒவ்வொரு முறை மருந்து விடும் முன்பும் சைஃபன் குழாயால் கற்களுக்கு நடுவே நன்றாக உறிஞ்சி எடுங்கள். மருந்து எட்டாத உறைகளை வெளியேற்ற அதுதான் வழி.

புள்ளி உள்ள மீனை மட்டும் தனியே பிரிப்பது

கல், செடி, பில்டர் எல்லாவற்றிலும் உறை இருக்கும்போது ஒரு மீனை மட்டும் எடுத்து என்ன பயன்? பெரிய தொட்டியில் மிச்சம் இருக்கும் மீன்களும் நோயாளிகளே. ஒன்று, தொட்டி முழுவதுக்கும் மருந்து. இல்லையென்றால் மீன்கள் அத்தனையையும் வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுத்து, பழைய தொட்டியைத் தண்ணீரோடு, மீனே இல்லாமல் சும்மா விடுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரம் விட்டால் பயமில்லை.

லிட்டர் கணக்கு

மருந்து அளவு லிட்டரைப் பொறுத்தது. 60×30×36 செ.மீ. தொட்டி என்றால் பெருக்கிப் பார்த்து 65 லிட்டர் என்று ஊற்றுகிறார்கள். அடியில் 5 செ.மீ. கல், மேலே 4 செ.மீ. காலி. கல்லுக்கு மேல் நிற்கும் தண்ணீர் 27 செ.மீ. உயரம்தான். பெருக்கினால் 49 லிட்டர்கூட வராது. கல் இடுக்கில் இருப்பதைச் சேர்த்தாலும் ஐம்பதை ஒட்டித்தான். மலாக்கைட் கிரீன், பார்மலின் மாதிரி மருந்துகளில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. கிளவுன் லோச், கெளுத்தி வகைகள், டெட்ராக்கள் போன்றவை இன்னும் மென்மையானவை. அவை இருந்தால் லேபிளில் தனி அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலாக்கைட் கிரீனைத் தொடும்போது கையுறை கட்டாயம். சாப்பிட வளர்க்கும் மீனுக்கு அது கூடவே கூடாது.

பில்டரில் கார்பன்

எடுத்துவிடுங்கள். ஊற்றும் மருந்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும்.

அரைகுறைச் சூடு

ஹீட்டரை 28-இல் வைத்துவிட்டு, சூட்டில் ஒட்டுண்ணி செத்துவிடும் என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். சாகாது. வேகமாக வளரும், அவ்வளவுதான். கூடவே மருந்து இருந்தால் அந்த வேகம் நமக்கு உதவும். மருந்து இல்லாமல் சூட்டை மட்டும் நம்புவதென்றால் 30 டிகிரிக்கு மேலே போய், பத்து நாளுக்குக் குறையாமல் அங்கேயே நிற்க வேண்டும். அதையும் தாங்கும் ஒட்டுண்ணி வகைகள் உண்டு என்பதால் நான் சூட்டைத் தனியாக நம்புவதில்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். செவுள் ஏற்கெனவே பாதித்திருக்கும் மீனுக்கு அதுவே எமன். ஏர் பம்ப் போட்ட பிறகு ஹீட்டரைத் தொடுங்கள், சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள். கோல்ட்பிஷ்ஷுக்கு இந்த வழியே வேண்டாம்.

ஆவியான தண்ணீருக்கும் உப்பு போடுவது

உப்பு போட்டுச் சிகிச்சை கொடுப்பவர்கள் செய்யும் தவறு இது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே இருக்கும். குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்புங்கள். வாளியில் மாற்றி எடுத்த தண்ணீருக்கு மட்டும் அதற்குரிய உப்பைக் கரைத்துச் சேருங்கள்.

இறால், நத்தை உள்ள தொட்டியில் காப்பர் மருந்து

வேண்டாம்.

எல்லா வெள்ளையையும் இதுவென்று நினைப்பது

ஆண் கோல்ட்பிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் இருந்தால், அது இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்திருக்கிறது. மருந்து பாட்டிலை உள்ளே வையுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் அப்படி இடம் பார்த்து வராது. உடம்பு, வால், துடுப்பு என்று கலந்து சிதறியிருக்கும், இரண்டு மூன்று நாளில் எண்ணிக்கையும் மாறும். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் காலிஃபிளவர் போன்ற கட்டி வேறு விஷயம், பெரும்பாலும் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். இந்த மருந்து எதுவும் அதற்கு வேலை செய்யாது.

ஒரே வலை

ஈரமான வலையை அடுத்த தொட்டியில் விடாதீர்கள். முழுக்கக் காய்ந்தால் ஒட்டுண்ணி செத்துவிடும்.