கோவா போகிறீர்களா? அறை போடும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

கோவா 3,702 சதுர கிலோமீட்டர்தான். அதனால் எங்கே தங்கினாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்து, மலிவாகக் கிடைத்த இடத்தில் அறை போட்டுவிடுகிறார்கள். வடக்கே அரம்போலிலிருந்து தெற்கே பலோலெம் போகச் சாலையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வழியில் மாண்டோவி, ஜுவாரி என்று இரண்டு பெரிய ஆறுகள். போகவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். நான்கு இரவு இருந்தால் இரண்டைப் பனாஜியிலோ வடக்கிலோ, இரண்டைத் தெற்கிலும் வையுங்கள். பாகா, கலங்குட் பக்கம் இரவெல்லாம் பாட்டுச் சத்தம். குழந்தைகளும் பெரியவர்களும் வந்தால் பெனாலிம், அகோண்டா, பலோலெம்தான் சரி.

இறங்கும் இடமும் முக்கியம். வாஸ்கோ வரை போகும் ரயிலில் வந்தாலும் தெற்கே தங்குபவர்கள் மட்காவிலேயே இறங்கிவிட வேண்டும். கொங்கண் பாதையில் வருபவர்களுக்குப் பனாஜிக்கும் பழைய கோவாவுக்கும் கர்மலி, கலங்குட் பக்கத்துக்குத் திவிம். விமானம் என்றால் டிக்கெட்டில் எழுத்தைப் பாருங்கள்: ஜி.ஓ.ஐ. என்றால் டாபோலிம், ஜி.ஓ.எக்ஸ். என்றால் வடகோடியிலுள்ள மோபா. தெற்கே அறை போட்டுவிட்டு மோபாவில் இறங்கினால் டாக்சிச் செலவு கையைக் கடிக்கும்.

நம் ஊர்போல ஓலா, ஊபரை நம்பி இங்கே வர முடியாது. உள்ளூர் டாக்சிச் செயலி கோவா மைல்ஸ். ஆனாலும் பெரும்பாலானோர் ஸ்கூட்டரைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுக்கும்போது நம்பர் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம், போலீஸ் நிறுத்தினால் மாட்டுவது ஓட்டுபவர்தான். சாவி வாங்கும் முன் வண்டியைச் சுற்றி வந்து கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக், டயர், முகப்பு விளக்கைச் சோதியுங்கள். ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள். டாங்கில் பெட்ரோல் சொட்டுதான் இருக்கும், முதல் வேலையாக பங்க்குக்குப் போங்கள். ஆதார் அட்டையின் அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

வண்டி ஓட்டாதவர்களுக்குப் பனாஜி–மட்காவ் இடையே கோவா அரசின் கதம்பா பஸ் இருக்கிறது. வழியில் நிற்காது. ஏறும் முன் கவுண்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும். இருட்டிய பிறகு பஸ் குறைந்துவிடும்.

பழைய கோவாவுக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பனாஜியிலிருந்து பத்து கிலோமீட்டர். ஒன்பது மணிக்கே போய்விட்டால் கூட்டம் இருக்காது. ஞாயிறு காலை திருப்பலி நடக்கும், அன்று தவிர்ப்பது நல்லது. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். போம் ஜீசஸ் பசிலிக்கா சிவப்பாகவும் எதிரே சே கதீட்ரல் வெள்ளையாகவும் இருப்பதைப் பார்த்ததும் ஏன் என்று தோன்றும். இரண்டும் செம்புரைக்கல்தான்; பசிலிக்காவின் மேல்பூச்சை இருபதாம் நூற்றாண்டில் உரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மழை நேரே கல்லை அரிக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் கல்லின் துளைகள் தெரியும், அதைத் தொட்டுச் சுரண்டாதீர்கள். உள்ளே வெள்ளிப் பேழையில் இருப்பது 1552-ல் இறந்த பிரான்சிஸ் சேவியரின் உடல். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றியவர் இவர்தான். பேழை உயரத்தில் இருப்பதால் சற்றுத் தள்ளி நின்றால்தான் நன்றாகத் தெரியும்.

கதீட்ரலுக்கு ஒரு கோபுரம்தான். மற்றது 1776-ல் விழுந்தது. 1510-ல் போர்ச்சுகீசியர் பிடித்த இந்த நகரம் கொள்ளைநோய்களால் காலியாகி, 1843-ல் தலைநகர் பனாஜிக்குப் போனது. இன்று தேவாலயங்களுக்கு நடுவே ஊரே இல்லாமல் இருப்பது அதனால்தான். வைஸ்ராய் வளைவைத் தாண்டினால் படகுத்துறை. திவார் தீவுக்குப் பெர்ரி போகும், நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை.

மாலையில் பனாஜியின் ஃபொந்தைனாஸ் தெருக்களில் நடங்கள். கோவாவின் பழைய வீடுகளில் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பித் தகடுகளை மரச்சட்டத்தில் கோத்திருப்பார்கள். வெளிச்சம் பால்போல உள்ளே இறங்கும், வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. இங்கே அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். ஆனால் இந்த வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள்.

கடலைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அலை உடையாமல் அமைதியாக, சற்றுக் கருத்துத் தெரியும் பட்டை பாதுகாப்பான இடம்போலத் தோன்றும். உண்மையில் கரையேறிய நீர் திரும்பிப் பாயும் இழுப்பு நீரோட்டம் அங்கேதான் இருக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துவிடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து பிறகு திரும்புங்கள். உயிர்காப்பாளர் நட்ட சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம். குடித்துவிட்டும் இறங்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் குளிக்க உகந்ததல்ல, மணலில் போட்ட குடில் உணவகங்களையும் பிரித்துவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். டிசம்பர் கடைசி வாரத்தில் வாடகை பல மடங்கு.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று, நான்கு மணி வரை பல கடைகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் சாப்பிடப் போங்கள். விலை அதிகமான கடற்கரைக் கடைகளை விட்டு, ஊருக்குள் மீன் தாலி போடும் சிறு ஓட்டல்களைத் தேடுங்கள்: சோறு, தேங்காய்க் குழம்பு, வறுத்த மீன், புளிப்புக்குச் சோல் கடி என்ற பானம். வஞ்சிரத்தை இங்கே விஸ்வண் என்பார்கள். இரண்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் மீன் தீர்ந்துவிடும்.