மலையைக் கெல்லாமல் ஒரு பி.டி.எஃப்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை நோட்பேடில்தான் எழுதி வைக்கிறேன். ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் கோப்பை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்த பழைய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை; பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. "பி.டி.எஃப். ஆகக் கொண்டு வாருங்கள் சார்" என்றார் கடைக்காரர். சரிதான், பி.டி.எஃப். எழுத்துருவைத் தன்னோடு சுமந்து வரும்.

வீட்டுக்கு வந்து, கோப்புகளை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் மென்பொருளை முயன்றேன். பி.டி.எஃப். ஆக்க, பக்கம் கோக்கும் லேடெக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளை அது கேட்டது. நான்கு பக்கக் குறிப்புகளுக்கு ஜி.பி. கணக்கில் பதிவிறக்கமா? மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதா?

பிரவுசரே போதும் என்று பிறகுதான் உறைத்தது. உரையை, வரிகளை எழுதியபடியே காட்டச் சொல்லும் 'பிரீ' குறிகளுக்குள் வைத்து, இணையப் பக்க வடிவமான எச்.டி.எம்.எல். கோப்பாகச் சேமித்துத் திறந்தேன். தமிழுக்குப் பதில் தலையில் கீற்று வைத்த லத்தீன் எழுத்துகள் வரிசைகட்டி நின்றன! எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பிரவுசர் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. கோப்பின் தலையில், எந்த எழுத்து முறை என்று பிரவுசருக்குச் சொல்லும் 'மெட்டா சார்செட்' வரியைச் சேர்த்ததும் தமிழ் திரும்பியது. நீண்ட வரிகள் தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டன. வரி மடங்குவதைத் தீர்மானிக்கும் 'ஒயிட்-ஸ்பேஸ்' பண்பை 'பிரீ-ராப்' என்று மாற்றினேன், மடங்கின.

பிறகு கன்ட்ரோல்-பி, ஏ4, பி.டி.எஃப். ஆகச் சேமி. தலைப்பு, அடிக்குறிப்புக்கான டிக்கை எடுக்க மறந்ததால் முதல் பிரதியில் என் கணினிக் கோப்புறையின் முகவரி அச்சாகியிருந்தது. செயலாளர் அதைத்தான் முதலில் படித்தார்.